ஒரு மீசையும் முன்வரிசை நாற்காலியும்

வேலூரில் ஒரு கல்லூரியில் ஆங்கில இலக்கியம் போதித்து வருகிறேன். அதிலும் முக்கியமாக நாடகம். இந்த வேலையில் என் தலை பாதிக்குமேல் நரைத்துவிட்டது. இத்தனை காலம் நான் ஆற்றிய விரிவுரைகளைப் பற்றியோ, திருத்திய கட்டுரைகளைப் பற்றியோ ஊரில் யாருக்கும் எதுவும் தெரியாது. வேலூர் முதல் ஆம்பூர் வரை என்னை அறிந்தவர்கள் எல்லோரும் என்னை ஒரு பையனின் மீசையை எடுத்தவன் என்றுதான் அறிந்திருக்கிறார்கள். ரயிலில் எதிரே உட்காருகிறவர் கொஞ்ச நேரம் உற்றுப் பார்க்கிறார். பிறகு, "அந்த மீசை விஷயம், நீங்கதானே சார்?" என்று கேட்கிறார். ஆமாம் என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறேன்.

நடந்ததை நடந்தபடி எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றுகிறது. ஆளுக்கு ஒரு விதமாகச் சொல்கிறார்கள். சிலருடைய கதையில் பையனின் தகப்பனார் அரிவாளோடு கல்லூரிக்குள் நுழைகிறார். அவர் கையில் இருந்தது குடை.

இதற்கெல்லாம் மூலகாரணம் நான் சிறுவனாக இருந்தபோது வேலூர்க் கோட்டை மைதானத்துக் கொட்டகையில் பார்த்த ஒரு நாடகம். ஒரு தாய் இறந்த குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு பாடி அழுதாள். தாய் என்றால் பெண் அல்ல; வேஷம் போட்ட ஆண்தான். ஆனாலும் என் பக்கத்தில் இருந்த பெரியவர்கள்கூட மூக்கைச் சிந்தினார்கள். அழுகை முடிந்ததும் பின்வரிசையிலிருந்து "ஒன்ஸ் மோர்" என்று ஒரு குரல் எழுந்தது. கொட்டகை முழுவதும் அதைப் பிடித்துக்கொண்டது. உடனே அந்தத் தாய் குழந்தையைக் கீழே வைத்தாள், முந்தானையால் முகத்தைத் துடைத்தாள், பக்கத்திலிருந்து நீட்டிய சோடாவை வாங்கிக் குடித்தாள், ஆர்மோனியக்காரருக்குத் தலையை ஆட்டினாள், முதலிலிருந்து அழ ஆரம்பித்தாள். இரண்டாம் தடவை யாரும் அழவில்லை. ராகத்துக்குத் தொடையில் தாளம் போட்டார்கள்.

எனக்கு வந்த கோபம் இன்னும் தீரவில்லை. ஒரு துக்கத்தை ஒரு தடவை பார்த்து, வாயை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போகத் தெரியாதா மனிதர்களுக்கு? பாட்டே இல்லாத, ஆர்மோனியமே இல்லாத, மனிதர்கள் பேசுகிறபடி பேசுகிற ஒரு தமிழ் நாடகத்தை, ஜனங்கள் மூச்சுக்கூட விடாமல் உட்கார்ந்து பார்க்க வேண்டும். அதை நான் நடத்திக் காட்ட வேண்டும். பள்ளிக்கூடம் முடித்து, சென்னைக்குப் போய்ப் படித்து, திரும்பி வந்து வேலையில் அமர்ந்த பிறகும் எனக்கு வேறு ஆசை இருந்ததில்லை.

வகுப்பில் நாடகம் போதிப்பது தனிக் கஷ்டம். நான் எல்லாப் பாத்திரங்களையும் வாய்விட்டுப் படித்துக் காட்டுவேன். அரசன் குத்துப்பட்டு விழுகிற இடத்தில் நான் விழாவிட்டாலும் குரல் விழும். ஒரு சமயம் நான் அப்படிச் செத்துக்கொண்டிருந்தபோது, அடுத்த அறையில் கணக்கு நடத்துகிறவர் பியூனை அனுப்பினார். ஐயாவுக்கு உடம்புக்கு என்ன என்று கேட்டுவரச் சொன்னாராம். ஒன்றுமில்லை, இன்னும் கொஞ்ச நேரத்தில் இறந்துவிடுவேன் என்று சொல்லி அனுப்பினேன். மாணவர்கள் சிரித்தார்கள். அந்த மரணத்தில் அவர்கள் கவனித்தது அது ஒன்றைத்தான். மணி அடித்ததும் ஒருவன் எழுந்து, இந்தக் காட்சி பரீட்சைக்கு வருமா என்று கேட்டான். மறு வருஷம் வேறொருவன் அதே இடத்தில் அதையே கேட்டான்.

அவர்களுக்கு நான் சலிக்காமல் சொல்லிவந்தது ஒன்று உண்டு. நாடகம் என்பது புத்தகத்தில் அச்சாகி இருப்பது அல்ல. அன்றைக்கு மேடையில், அந்த ஜனங்கள் முன்னால் நடக்கிறதே, அதுதான் நாடகம். இதை எல்லோரும் குறிப்பில் எழுதிக்கொண்டார்கள். எனக்கே ஒரு நாள் இது திரும்பி வந்து சேரும் என்று அப்போது தெரியாது.

கல்லூரியில் ஒரு நாடகம் போட வேண்டும் என்று எங்கள் வெள்ளைக்காரப் பிரின்சிபால் துரையிடம் வருஷந்தோறும் கேட்டேன். அவர் நல்ல மனிதர். ஆனால் நாடகம் என்ற சொல்லைக் கேட்டால் ஹாஸ்டல் சுவர் ஏறிக் குதிக்கிற மாணவர்கள்தான் அவர் கண்ணுக்குத் தெரிவார்கள். ஊரில் நாடகக் கம்பெனி வந்து இறங்கினால் மறுநாள் வகுப்பில் பாதிப் பேர் தூங்கினார்கள் என்பது உண்மைதான். நாடகம் என்றால் கூச்சல், கூச்சல் என்றால் ஒழுங்கீனம் என்பது அவர் கணக்கு. நான் எழுதிய நாடகத்தில் பாட்டே கிடையாது, ஆகவே கூச்சலும் கிடையாது என்று பல வருஷம் சொல்லிச் சொல்லி, கடைசியில் ஒரு நாள் சம்மதித்தார். சம்மதத்தோடு ஒரு நிபந்தனையும் வைத்தார். ஒரு தடவை நடத்திப் பாரும். அமைதியாக முடிந்தால் வருஷா வருஷம் நடத்தலாம். சபையில் ஒழுங்கு கெட்டால் இந்தக் கல்லூரியில் நான் இருக்கிற வரைக்கும் நாடகம் கிடையாது என்றார். அவர் சின்ன வயதுக்காரர். அவர் ஓய்வு பெறுவதற்குள் என் காலம் முடிந்துவிடும்.

நாடகம் காவேரிப்பாக்கம் ஏரியைப் போன்ற ஒரு பெரிய ஏரியில் நடக்கிறது. மதகைக் காக்கும் கிழவர் ஒருவர், வெள்ளத்தில் கரை உடைகிற சமயம் மதகைத் திறக்கப் போய் உயிரை விடுகிறார். அவருடைய உடலைக் கரையில் கொண்டுவந்து போடுகிறார்கள். மகள் அதன் பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிறாள். ஒப்பாரி இல்லை, பேச்சு. காலையில் அவர் சாப்பிடாமல் போன கூழைப் பற்றி, அவருக்குப் பிடிக்காத மருமகனைப் பற்றி, ஏரியைப் பற்றி. அந்தப் பேச்சை நான் எத்தனை தடவை அடித்து எழுதினேன் என்று சொன்னால் நம்பமாட்டார்கள். என் வாழ்க்கையில் நான் எழுதியதில் உருப்படியானது அது ஒன்றுதான்.

கல்லூரியில் அத்தனை பேர் உட்கார இடம் இல்லை. ஆம்பூரில் தோல் மண்டி வைத்திருந்த ஒரு சாயபு, அவர் மகனும் எங்களிடம் படித்தவன், ரயில் பாதையை ஒட்டிய தன் கிடங்கைக் காலி செய்து கொடுத்தார். தோலை எடுத்துவிடலாம், வாசனையை எங்கே எடுப்பது? சுண்ணாம்பும் ஆவாரம்பட்டையும் ஊறிய நாற்றம் சுவரிலேயே இருந்தது. சாயபுவுக்கு அது நாற்றமாகவே படவில்லை. அவர் வருத்தம் வேறு.

"பாட்டு கம்மியா இருந்தா பரவாயில்ல, புரபசர் சார். சுத்தமா இல்லேன்னா ஜனங்க பேஜாராயிடுவாங்க. நம்ம கிட்ட ஒரு ஆர்மோனியக்காரர் இருக்கார். சும்மா ஒரு ஓரமா குந்த வெச்சிக்கலாம்."

ஓரமாகக்கூட வேண்டாம் என்றேன். சும்மா உட்கார்ந்திருப்பார், வாசிக்கமாட்டார் என்றார். வாசிக்காத ஆர்மோனியக்காரர் எதற்கு என்று கேட்டேன். ஜனங்களுக்கு ஒரு தைரியம் என்றார். அவரை நான் மறுப்பதற்குள் ஒரு பகல் போய்விட்டது.

மகள் வேஷத்துக்கு ஒடுகத்தூர்ப் பக்கத்து மாணவன் ஒருவனைத் தேர்ந்தெடுத்தேன். அவனுடைய தகப்பனார் மலையடிவாரத்தில் ஆவாரம்பட்டை வாங்கி, வண்டி வண்டியாக ஆம்பூர்த் தோல் பதனிடும் தொட்டிகளுக்கு அனுப்புகிறவர். பையனுக்குக் குரல் மென்மை, முகம் மென்மை, ஆனால் மேலுதட்டில் அடர்த்தியான மீசை. அந்த நாளில் மாணவர்கள் பெண் வேஷம் போட்டால் முந்தானையை வாய்க்கு மேல் இழுத்துப் பிடித்துக்கொண்டு பேசுவது வழக்கம். மாவை அப்பி மீசையை மறைப்பவர்களும் உண்டு; வியர்த்தால் மாவு மட்டும் போகும். இது எனக்குச் சரிப்படாது என்று சொல்லிவிட்டேன். இன்றும் சொல்கிறேன், மீசையோடு ஒரு மகள் அழ முடியாது.

ஹாஸ்டலுக்கு வரும் நாவிதர் கத்தியைத் தீட்டிவிட்டுப் பையனிடம் அப்பா இருக்கிறாரா என்று கேட்டார். இருக்கிறார் என்றான். கத்தியை மடித்துப் பெட்டிக்குள் வைத்துவிட்டார். தகப்பன் உயிரோடு இருக்கிறவனுக்கு மீசை எடுத்தால் அது தகப்பனுக்கு ஆகாது என்று அவர் சொன்னார். எனக்கு இது தெரியாததல்ல. ஆனால் எங்கள் குடும்பம் தலைமுறைகளாகக் கிறிஸ்தவர்கள். எங்கள் வீட்டில் யாரும் துக்கத்துக்கு மீசை எடுத்ததில்லை. கலைக்காக எடுத்தால் தகப்பனுக்கு என்ன வரும் என்று கேட்டேன். நாவிதர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். பையனை உட்கார வைத்து என் சொந்தக் கத்தியால் நானே எடுத்தேன். சுத்தமாக, ஒரு கீறல் இல்லாமல் எடுத்தேன் என்பதை இங்கே குறிப்பிட விரும்புகிறேன். அதைப் பற்றி யாரும் சொல்வதில்லை.

அதோடு நின்றிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. மகளுக்கு உடுத்த ஒரு நல்ல புடவை வேண்டும், அம்மாவுடைய அரக்குப் புடவை ஒன்று இருக்கிறது, ஊருக்குப் போய் வாங்கி வருகிறேன் என்றான் பையன். போய்வா என்றேன். வெயிலுக்காகத் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு புறப்பட்டான். அதாவது, மீசை இல்லை, தலை துண்டுக்குள் இருக்கிறது, முடி இருக்கிறதா மழித்திருக்கிறதா என்று பார்ப்பவருக்குத் தெரியாது. தகப்பனாரோ பட்டை வண்டிகளோடு ஆம்பூருக்குப் போய்ச் சில நாளாகத் திரும்பவில்லை.

வீட்டு வாசலில் பையன் நின்றதைத் தாயார் பார்த்தார். பையன் முதலில் சொன்ன சொல், "அம்மா, உன் அரக்குப் பொடவ வேணும். இனிமே உனக்கு இன்னாத்துக்கு, சும்மாதானே கெடக்குது" என்பது. அவன் சொல்ல வந்தது, அந்தப் புடவை பெட்டியில் சும்மா கிடக்கிறதே என்பதுதான். ஆனால் மீசை எடுத்த மகன் வந்து, இனிமேல் உனக்குக் கலர்ப் புடவை எதற்கு என்று கேட்டால் எந்தத் தாய்க்கு என்ன புரியும்? அவர் நின்ற இடத்திலேயே விழுந்து புரண்டார். அக்கம்பக்கத்துப் பெண்கள் ஓடிவந்தார்கள், பையன் முகத்தைப் பார்த்தார்கள், அவர்களும் மாரடிக்க ஆரம்பித்தார்கள். நைனாவுக்கு ஒன்றும் இல்லை, இது நாடகத்துக்கு என்று பையன் கத்தியிருக்கிறான். அந்தப் பக்கத்தில் தகப்பனை நைனா என்றுதான் கூப்பிடுவார்கள். நைனா என்ற சொல் மட்டும் அவர்கள் காதில் விழுந்தது. மற்றது அழுகையில் போய்விட்டது.

அவன் துண்டை அவிழ்த்துத் தலைமுடியைக் காட்டி, அவர்களை ஒருவழியாக அமைதிப்படுத்துவதற்குள் ஊர்ப் பெரியவர் ஒருவர் சுறுசுறுப்பாக ஒரு காரியம் செய்துவிட்டார். உறவுக்காரர்கள் இருக்கிற ஊர்களுக்குச் சாவுச் சேதி சொல்ல ஆளை அனுப்பிவிட்டார். தப்பு என்று தெரிந்ததும் முதல் ஆளைத் தடுக்க இன்னொரு ஆளை அனுப்பினார்கள். முதல் ஆள் நல்ல நடைக்காரர். இரண்டாம் ஆள் ஒவ்வொரு ஊரிலும், அவர் இப்போதுதான் போனார் என்ற பதிலையே கேட்டுக்கொண்டு போனார். ஆகவே பள்ளிகொண்டாவிலிருந்தும் அப்பாலிருந்தும் மாலையும் அரிசியுமாக உறவினர் வண்டி கட்டிக்கொண்டு வந்தபடியே இருந்தார்கள். தகப்பனார் ஊர் திரும்பியபோது, அவருடைய சொந்தத் தங்கை அவரைத் தாண்டி ஓடி வாசலில் விழுந்து, "அண்ணா, என்ன விட்டுட்டுப் போய்ட்டியே" என்று அழுதாராம். எங்கே போனேன், ஆம்பூருக்குத்தானே போனேன் என்று அவர் பின்னாலிருந்து கேட்டாராம்.

அடுத்த நாள் அவர் குடையோடு கல்லூரிக்கு வந்தார். ஆசிரியர் அறையில் நான் தனியாக இருந்தேன். பெரிய உருவம், நரைத்த முறுக்கு மீசை. சத்தம் போடவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து, குடையை முழங்கால் மேல் படுக்கப் போட்டுக்கொண்டு கேட்டார்.

"ஐயா, நான் உங்களுக்கு இன்னா பண்ணேன்?"

ஒன்றும் பண்ணவில்லை என்றேன். நாடகத்தின் அவசியத்தை, உண்மைத்தோற்றத்தின் அவசியத்தை, மேடையில் பாட்டு கூடாது என்பதை எல்லாம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். அந்த ஏரிக்கார அப்பன் எப்படிச் சாகிறான் என்று கேட்டார். சொன்னேன். மதகை அந்தப் பக்கமாக நின்று திறந்தால் சாவான்தான் என்று ஒப்புக்கொண்டார். பிறகு, என் பிள்ளை இதில் ஆடமாட்டான் என்றார்.

அவன் இல்லாவிட்டால் நாடகம் இல்லை. நாடகம் இல்லாவிட்டால் துரை மறுபடி சம்மதிக்கமாட்டார். அத்தனை வருஷக் காத்திருப்பும் இந்த மனிதரின் குடைக்கு அடியில் கிடந்தது. ஆடினாலும் ஆடாவிட்டாலும் மீசை வளர்வதற்கு நாளாகும், எடுத்தது எடுத்ததுதான் என்று சொன்னேன். அதில் இருந்த நியாயம் அவருக்குப் புரிந்தது. குடையை எடுத்துத் தரையில் ஊன்றினார்.

"சரி, ஆடட்டும். ஆனா நான் முன்னால குந்தணும். மொத வரிசைல, நாற்காலி போட்டு. எனக்காக அழுதவங்க அத்தினி பேரையும் கூட்டினு வர்றேன். நான் உயிரோட இருக்கிறத எல்லாரும் பாக்கட்டும்."

இதில் எனக்கு என்ன ஆட்சேபம் இருக்க முடியும்? மகிழ்ச்சியோடு ஒப்புக்கொண்டேன். துரைக்கும் சாயபுவுக்கும் நடுவில் அவருக்கு நாற்காலி போட ஏற்பாடு செய்தேன்.

நாடகத்தன்று மழை இல்லை, மேற்குக் காற்று. ஆகவே தொட்டிகளின் வாடை கிடங்குக்குள் நேராக வந்தது. துரை கைக்குட்டையை மூக்கருகே வைத்துக்கொண்டிருந்தார். பின்னால் தொட்டித் தொழிலாளர்கள், பக்கவாட்டில் எங்கள் மாணவர்கள், நடுவில் ஒடுகத்தூர் உறவினர் கூட்டம். அந்தக் கூட்டத்தினர் மேடையைப் பார்க்கவில்லை. தகப்பனாரின் பிடரியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஆனாலும் நாடகம் பிடித்துக்கொண்டது. முதல் காட்சியில் எப்போது பாட்டு வரும் என்று எதிர்பார்த்தார்கள். இரண்டாவதில் எதிர்பார்ப்பதை விட்டுவிட்டார்கள். வெள்ளம் வந்தபோது யாரும் இருமவில்லை. உடலைக் கொண்டுவந்து போட்டார்கள். அரக்குப் புடவையில் மகள் வந்து உட்கார்ந்தாள். படுதாவின் ஓரத்தில் நின்றிருந்த எனக்கு அந்த அமைதி கேட்டது. சின்ன வயதிலிருந்து நான் காத்திருந்த அமைதி. மகள் உடலின் மேல் கை வைத்து, நான் எழுதியபடியே, நிதானமாகப் பேசினாள்: "அப்பா, எங்கே இருக்கிறீர்கள்? ஒரு வார்த்தை சொல்லுங்கள்."

முன்வரிசையில் நாற்காலி கிறீச்சிட்டது. தகப்பனார் எழுந்து நின்றுவிட்டார்.

"இங்கதான்டா கீறேன்" என்றார். "எத்தினி வாட்டிடா என்ன சாவடிப்பே?"

பிறகு கிடங்கு இடிந்து விழுவதுபோல் ஒரு சிரிப்பு. உறவினர் கூட்டம் சிரித்தது, அழுதது, அவருடைய தங்கை இரண்டையும் சேர்த்துச் செய்தார். மேடையில் கிடந்த பிணத்தின் வயிறு குலுங்கியது. நான் படுதாக் கயிற்றைப் பிடித்தேன். அதற்குள் பின்வரிசையிலிருந்து, நான் வாழ்நாள் முழுவதும் வெறுத்த அந்தச் சொற்கள் வந்தன.

"ஒன்ஸ் மோர்!"

தொழிலாளர்கள் எல்லோரும் பிடித்துக்கொண்டார்கள். தகப்பனாருக்கு விளங்கவில்லை. சாயபுவைக் கேட்டார். இன்னொரு தடவை சொல்ல வேண்டுமாம் என்று சாயபு எடுத்துச் சொன்னதை நான் கண்ணால் பார்த்தேன். அவர் மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, இந்தத் தடவை ஜனங்கள் பக்கம் திரும்பி நின்று, மறுபடி சொன்னார். முதல் தடவையைவிட நன்றாகச் சொன்னார். இரண்டாம் தடவையில் ஜனங்கள் அதிகமாகச் சிரித்தார்கள். நான் படுதாவை இறக்கினேன்.

படுதாவுக்குப் பின்னால் துரை வந்தார். அவருக்குப் புத்தகத் தமிழ் தெரியும்; பேச்சுத் தமிழ் காதில் நிற்காது. என்னை நேராகப் பார்த்துக் கேட்டார்: அந்த மனிதர் நாடகத்தில் இருக்கிறாரா?

நான் பொய் சொல்கிறவன் அல்ல. மழை பெய்ததா இல்லையா என்பதைக்கூட அன்றன்று எழுதி வைக்கிறவன். இல்லை என்று சொன்னால் அது ஒழுங்கீனம், அதோடு எல்லாம் முடிந்தது. ஆமாம் என்று சொன்னால் பொய். அப்போதுதான் வருஷா வருஷம் வகுப்பில் நான் சொல்லிவந்த சொற்கள் என் வாய்க்கு வந்தன. நான் எழுதியதில் அவர் இல்லை, இன்றைக்கு மேடையில் நடந்த நாடகத்தில் இருக்கிறார், நடந்ததுதான் நாடகம் என்றேன்.

துரை இதை யோசித்தார். அவர் முகம் மலர்ந்தது. மிகவும் புதுமையான யுக்தி என்றார். சபையிலிருந்து ஒரு தகப்பன் எழுந்திருப்பது தாம் எங்கும் பார்த்திராதது என்றார். வருஷந்தோறும் நடத்தும், ஆனால் அந்த இடத்தை எடுத்துவிட வேண்டாம் என்று என் கையைக் குலுக்கினார்.

நான் ஜெயித்தேன். அதன் பலனைச் சொல்கிறேன். ஒவ்வொரு வருஷமும் அதே கிடங்கில் என் நாடகம் நடந்தது. ஒவ்வொரு வருஷமும் தகப்பனார் ஒடுகத்தூரிலிருந்து வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்தார். என் மாணவன் பட்டம் பெற்றுக் குடியாத்தத்தில் வேலைக்குப் போனான், மீசையும் பழையபடி வளர்ந்தது. வேறு மாணவர்கள் மகளானார்கள். யார் மகளானாலும் இவர் எழுந்து "இங்கதான்டா கீறேன்" என்றார். ஜனங்கள் அதற்காகவே வந்தார்கள். வெள்ளக் காட்சியின்போது வெளியே போய்ச் சுருட்டுப் பிடித்துவிட்டு, அந்த இடத்துக்குச் சரியாகத் திரும்பி வருகிறவர்களும் இருந்தார்கள்.

கொஞ்சம் கொஞ்சமாக அவர் நடிகராகவும் ஆகிவிட்டார். சரிகைத் தலைப்பாகை வந்தது. ஒரு வருஷம் எழுவதற்கு முன் கனைத்துக்கொண்டார். இன்னொரு வருஷம் நாடகம் முடிந்ததும் என்னிடம் வந்து, "இந்த வருஷப் பொண்ணு ரொம்ப இழுக்குது ஐயா, எனக்கு எழுந்துக்க எடம் குடுக்க மாட்டேங்குது, நீங்க சொல்லக்கூடாதா" என்று புகார் செய்தார். சொல்கிறேன் என்றேன். வேறு என்ன செய்வது?

அவர் சொன்னதோடு காட்சி முடிந்து படுதா விழும். அதனால் மகளின் பேச்சில் முதல் இரண்டு வாக்கியம் மட்டும்தான் மேடை ஏறியது. கூழும் மருமகனும் ஏரியும் என் பெட்டிக்குள்ளேயே இருந்தன. ஒத்திகையில் அதையும் நெட்டுரு போடச் சொல்வேன். தலையை ஆட்டுவார்கள். அங்கேதான் படுதா விழுந்துவிடுகிறதே சார் என்று ஒருவன் முகத்துக்கு நேராகவே கேட்டான்.

போன வருஷம், நாடகத்துக்குச் சில வாரம் இருக்கும்போது, வேலூர்க் கடைத்தெருவில் என் பழைய மாணவனைப் பார்த்தேன். தலையில் துண்டு. மேலுதடு வெறுமையாக இருந்தது. எனக்குச் சந்தோஷமாகிவிட்டது. குடியாத்தத்திலும் நாடகம் தொடங்கிவிட்டான் என்று நினைத்துத் தோளைத் தட்டி, "எந்த நாடகம்?" என்று கேட்டேன்.

அவன் துண்டை அவிழ்த்தான். தலையும் மழித்திருந்தது.

"நாடகம் இல்லீங்க சார்" என்றான். "நைனா."

அவனை ஒரு கடை ஓரமாக அழைத்துப் போனேன். பிறகு அவன் விவரம் சொன்னான். பட்டை வண்டி ஏற்றுகிறபோது மார்பு அடைத்ததாம். இந்தத் தடவை சேதி சொல்லப் போன ஆளைப் பல ஊர்களில் நம்பவில்லையாம். வேலூர் வாத்தியார் வேலையா என்று கேட்டுச் சிரித்திருக்கிறார்கள். சாவுக்கு வர வேண்டியவர்கள் பாதிப் பேர் வரவில்லை. அவருடைய தங்கைகூட மறுநாள்தான் வந்தாராம். அவன் இதை என்மேல் குறையாகச் சொல்லவில்லை. நான் எந்த முகத்தை வைத்துக்கொண்டு இதைக் கேட்டுக்கொண்டு நிற்பது என்றுதான் தெரியவில்லை.

நாடகத்தை நிறுத்திவிடலாமா என்று துரையிடம் கேட்டேன். வேண்டாம், அந்த வசனத்தை வேறு யாராவது சொல்லட்டும் என்றார். சாயபு தன் கணக்குப்பிள்ளையைச் சிபாரிசு செய்தார். யாரும் சொல்ல வேண்டியதில்லை, நாடகம் நான் எழுதியபடி நடக்கும், அந்த நாற்காலியும் போட வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொன்னேன். நாடகத்தன்று மாலை போய்ப் பார்த்தால் நாற்காலி வழக்கமான இடத்தில் இருந்தது. எடுக்கச் சொன்னேன். எடுத்தார்கள். படுதாவுக்குப் பின்னால் போய்விட்டு வந்து பார்த்தபோது மறுபடி அங்கே இருந்தது. மேலே ஒரு துண்டும் விரித்திருந்தார்கள்.

மகன் வந்து பின்வரிசையில் தொழிலாளர்களோடு உட்கார்ந்திருந்தான். மீசை லேசாக அரும்பியிருந்தது. நாடகம் தொடங்கியது. சுருட்டுக்காரர்கள் வெளியே போனார்கள், திரும்பி வந்தார்கள். உடலைக் கொண்டுவந்து போட்டார்கள். அவ்வருஷத்து மகள் உடலின் மேல் கை வைத்து, "அப்பா, எங்கே இருக்கிறீர்கள்? ஒரு வார்த்தை சொல்லுங்கள்" என்றாள்.

எல்லோரும் நாற்காலியைப் பார்த்தார்கள். சிலர் திரும்பி மகனைப் பார்த்தார்கள். அவன் தலையைக் குனிந்துகொண்டான். யாரும் இருமவில்லை. தொட்டியில் தண்ணீர் சொட்டுகிற சத்தம் வெளியிலிருந்து கேட்டது. அத்தனை பெரிய அமைதியை நான் எந்தக் கொட்டகையிலும் கேட்டதில்லை. நான் ஒரு ஆயுள் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தது இதைத்தான். இப்போது கிடைத்தது, என் நாடகத்துக்காக அல்ல.

மகள் வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தாள். பேச்சைத் தொடர வேண்டியதுதானே என்று நினைத்தேன். அவள் கண் மட்டும் படுதாவின் ஓரத்தில் என்னைத் தேடியது. அப்போதுதான் புரிந்தது. அந்த மடையன் இரண்டு வாக்கியத்துக்கு மேல் நெட்டுரு போடவே இல்லை.

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. படுதாவுக்குப் பின்னால் நின்றுகொண்டு, பல்லைக் கடித்தபடி, வாக்கியம் வாக்கியமாக எடுத்துக் கொடுத்தேன். காலையில் சாப்பிடாமல் வைத்துப் போன கூழ் என்று நான் சொன்னால், மகளும் கூழ் என்றாள். மருமகனைப் பற்றிச் சொன்னேன், சொன்னாள். முன்வரிசையில் இருந்தவர்களுக்கு என் குரலும் கேட்டிருக்க வேண்டும். சில இடங்களில் என் குரலே தடுமாறியது. அந்தத் தடுமாற்றத்தையும் அவன் அப்படியே சொல்லிவைத்தான். ஏரியைப் பற்றிய கடைசி வாக்கியம் வரை போனோம். யாரும் எழுந்திருக்கவில்லை, யாரும் "ஒன்ஸ் மோர்" கேட்கவில்லை. படுதாவை இறக்கினேன்.

வெளியே சாயபு கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்தார். கையைப் பிடித்துக்கொண்டார். ஏதோ சொல்லத் தயங்கினார்.

"கடைசில புதுசா எழுதி சேத்துக்கினீங்களே, புரபசர் சார், நல்லாத்தான் இருக்குது" என்றார். "கொஞ்சம் ஜாஸ்தி."